கேப்டன் அமெரிக்காவா, லெக்ஸ் லூதரா?

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அதிபர் பதவியை நெருங்கியவர்கள் சிலர் உண்டு. அதில் கேப்டன் அமெரிக்கா என்ற சூப்பர்ஹீரோ, லெக்ஸ் லூதர் என்ற வில்லன் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓட்டுப் போடுகிறவருக்கு நிறைய யோசிக்கக் கிடைக்கும்.

1980இல், கேப்டன் அமெரிக்காவின் 250ஆவது இதழில், ஒரு புதிய கட்சி அவரை அதிபர் தேர்தலில் நிற்கச் சொல்கிறது. நண்பர்கள் ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள். கடைசியில் அவர் மறுத்துவிடுகிறார். அதிபராக இருப்பவர் நடைமுறைக்கு ஏற்பப் பேசிச் சமாளித்தாக வேண்டும். தான் ஒரு கனவுக்காகப் போராடுகிறவன், அந்தக் கடமை ஆட்சி வேலைக்குக் குறுக்கே நிற்கும் என்கிறார். புகழ் உச்சத்தில் இருக்கும்போது தன் எல்லையைக் கூட்டத்தின் முன் சொல்வது லேசான காரியமா? எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது.

லூதர் நேர் எதிர். நிஜத் தேர்தல் நடந்த அதே 2000இல், டிசி காமிக்ஸ் சூப்பர்மேனின் இந்தப் பரம எதிரியை அதிபராக ஜெயிக்க வைத்தது. பெரும் பணக்காரர், மகா மூளைக்காரர், தொழில்நுட்பத்தால் நாட்டையே மாற்றுவேன் என்பவர். அவர் எப்படிப்பட்டவர் என்று சூப்பர்மேனுக்குத் தெரியும். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்தவரை முஷ்டியால் இறக்க முடியாதே.

திறமையை மட்டும் எடை போட்டால் லூதர்தான் ஜெயிப்பார். அதுதான் கவலை. கேப்டனைப் போல ஒதுங்கிவிடுகிறவருக்கு ஓட்டுப் போட வழியில்லை, சரி. ஆனால் நிற்பவர்களில் ‘இது என்னால் ஆகாது’ என்று ஒரு தடவையாவது சொன்னவர் இருந்தால், நான் அவர் பக்கம்தான்.