ஆனிக் குளிருக்கு வாங்கிய பாட்டுப்பெட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, மகன் குடும்பத்தோடு ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேஷியாவுக்கு வந்த எனக்கு ஜோகன்னஸ்பர்க்கின் குளிர் இன்னும் பழகவில்லை. பகலில் வெயில் பளிச்சென்று அடித்தாலும், ஜூன் மாதத்தில் மாலை ஐந்தரைக்கே பொழுது சாய்ந்து, வீட்டுச் சுவரெல்லாம் சில்லிட்டுப் போகிறது. தமிழ்நாட்டில் மார்கழி என்றால் குளிர். இங்கே மார்கழி கோடை, ஆனியும் ஆடியும்தான் போர்வை மாதங்கள். அந்த நாட்களில் எனக்குக் காரணமே இல்லாமல் மனம் சோர்ந்துவிடும். குளிர்காலச் சோர்வை 1984இல் ஒரு நோயாக வரையறுத்துப் பெயரிட்ட குழுவை வழிநடத்திய மனநல மருத்துவர் நார்மன் ரோசெந்தால் இதே ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்பதும், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகே அவர் அதைத் தம்மிடம் உணர்ந்தார் என்பதும் எனக்கு வியப்பாக இருந்தது.

சென்ற ஆண்டு ஜூனில் 1,200 ராண்ட் கொடுத்து, பழைய தமிழ்ப் பாடல்கள் நிரப்பிய பாட்டுப்பெட்டி ஒன்றை உள்ளூர்க் கடையில் வாங்கினேன். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். முன்பக்கம் இரண்டு பெரிய திருகுகள், மேலே நான்கு பொத்தான்கள். கண்ணாடி தேடாமல் இயக்க முடிவதே இதன் முதல் சிறப்பு. கைப்பேசியில் பாட்டுத் தேடப்போய் அரை மணி நேரம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் வேலை இதில் இல்லை.

காலை எட்டு மணிக்கு ஸ்டூப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், வெயில் விழும் மூலையில் நாற்காலியைப் போட்டு, தேநீரோடு நாகசுரப் பகுதியைத் திருப்புவது என் வழக்கமாகிவிட்டது. அதில் உள்ள பிலகரி ராகம் ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன். மோகனத்தைப் போல ஐந்தே சுரங்களில் ஏறி, சங்கராபரணத்தைப் போல ஏழு சுரங்களோடும் நிதானமாக இறங்கிவரும் அந்த ராகத்தைக் காலை வெயிலில் கேட்கும்போது, போர்வையை மடித்து வைக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. வெயில் பாதி, பிலகரி பாதி என்று நானே கணக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி சிறியதாகையால் தவில் பிஸ்கட் டின்னைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. "உற்சாகம்" என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் மூன்றாவது பாட்டே பிரிவுத் துயரப் பாட்டு. "ஆயா, உற்சாகம் அழுகிறது" என்று பேத்தி சிரித்தாள். மின்கலம் ஆறு மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள், எனக்கு நான்கைத் தாண்டியதில்லை. கடையில் கேட்டபோது, "சார்ஜரை மட்டும் மாற்றித் தருகிறோம், ஆன்ட்டி" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

மாலை நேரத்துக்கு இந்தப் பெட்டி எனக்கு உதவவில்லை. இருட்டியபின் பழைய பாட்டுகள் டர்பன் வீட்டைத்தான் நினைவூட்டுகின்றன. அப்போது மனிதக் குரல் வேண்டும். இங்குள்ள இந்திய வம்சாவளியினருக்காக 1983 முதல் ஒலிபரப்பாகும் லோட்டஸ் எஃப்எம் வானொலியில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமே ஆனாலும், நம் ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டபடி சமைப்பது துணையாக இருக்கிறது. சமையல் முடிந்தபின், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலவச மின்னூல்களில் ஒன்றை, எழுத்தைப் பெரிதாக்கிப் பேத்திக்கு வாய்விட்டுப் படிக்கிறேன். அவளுக்குப் பாதிதான் புரிகிறது. ஆனால் நான் நிறுத்தினால் ஏன் என்று கேட்கிறாள்.

தனியே பகலைக் கழிக்கும் பெரியவர்களுக்கு இந்தப் பாட்டுப்பெட்டியைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். 900 ராண்டுக்குக் கிடைத்தால் நல்ல விலை. வாங்குமுன் கடையிலேயே தவில் வரும் பகுதி ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.