மணலைக் கிளறாத நீரோட்டம்: பவளத் தொட்டிக்கு எந்த பம்ப்?

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் மணல் ஒரு பக்கம் குழியாகி மறுபக்கம் மேடாகச் சேர்ந்துவிட்டால், உடனே பம்பின் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். மணல் அடங்கிவிடும், ஆனால் பவளம் வாடும். இருந்த இடத்தைவிட்டு நகர முடியாத உயிர் அது. ஆக்சிஜனையும் இரையையும் கொண்டுவந்து சேர்ப்பது, சளியையும் கழிவையும் கழுவிக்கொண்டு போவது எல்லாமே நீரோட்டம்தான்.

மணலைத் தூக்குவது மணிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்ற கணக்கு அல்ல. தரையைத் தொடும் நேரத்தில் தண்ணீரில் மிச்சமிருக்கும் வேகம்தான் தூக்குகிறது. பம்புகளை நான் ஒப்பிடுவது இந்த ஒன்றை வைத்துத்தான்.

தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத்தொட்டியான சம்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்பின் நாசிலை (நீர் வெளிவரும் வாயை) மட்டும் நம்புவது சரிவராது. வாய் குறுகலாக இருப்பதால் நீர் ஈட்டிபோல ஒரே இடத்தில் பாயும். கீழே திருப்பினால் மணலில் பள்ளம்தான். மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பை அலையவிட மட்டும் பயன்படுத்தலாம். நாசில் ஆழத்தில் இருந்தால் மின்சாரம் போகும்போது தண்ணீர் பின்னோக்கி சம்புக்குள் இறங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விசிறி வைத்த வேவ்மேக்கர், அதாவது நீரோட்டம் உண்டாக்கத் தொட்டிக் கண்ணாடியில் மாட்டும் சிறு பம்ப். இதன் நீர் அகலமாக விரிந்து, போகப்போக வேகம் தணியும். அதனால் மணலுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது, வைக்கும் இடம் சரியாக இருந்தால். பின்கண்ணாடியில் மாட்டி முன்கண்ணாடியைப் பார்க்க வைத்தால் எதிரே தூரமே கிடையாது. மோதிய நீர் நேராகக் கீழிறங்கி முன்வரிசை மணலைத் தோண்டிவிடும். பக்கக் கண்ணாடியில், உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வைத்துச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். டன்ஸி போன்ற நிறுவனங்களின் வேவ்மேக்கர்களைக் காந்தப் பிடியிலேயே சாய்த்துத் திருப்பலாம். வோர்டெக் என்ற வகையில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருப்பதால் அதன் சூடு தொட்டிக்குள் அதிகம் வராது, உள்ளே வயரும் இல்லை. ஆனால் சாய்க்க முடியாது, உயரத்தை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். ரொம்ப மேலே போனால் காற்றை உறிஞ்சும்.

பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லது. பலவகைப் பவளங்கள் கலந்த 200 லிட்டர் தொட்டிக்குக் கொள்ளளவைப்போல 20 முதல் 40 மடங்கு, அதாவது இரண்டும் சேர்ந்து மணிக்கு 4000 முதல் 8000 லிட்டர் என்று தொடங்கலாம். இரண்டையும் நேருக்கு நேர் ஒரே உயரத்தில் வைக்காதீர்கள். நடுவில் மோதும் நீரில் ஒரு பகுதி கீழேதான் இறங்கும். மாறி மாறி ஓடவிட்டால் மோதலும் இல்லை, பவளத்துக்கும் ஒரே திசை அடி விழாது.

ஜைர் பம்ப் வேறு ரகம். நீளமான உருளை சுழன்று, நீரைப் பாய் விரித்தாற்போல் மேற்பரப்பில் அனுப்புகிறது. அது எதிர்க்கண்ணாடியில் இறங்கித் தரையை ஒட்டித் திரும்பி வரும். அந்தத் திரும்பும் ஓட்டம் கழிவைத் தங்கவிடாது, அதுவே மெல்லிய மணலையும் நகர்த்தும். 60 செ.மீ. தொட்டியில் வேகம் தணிய இடமில்லை, 120 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் தாராளமாக யோசிக்கலாம். சுண்ணாம்பு படிந்தால் சத்தம் போடும், சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவும் வேலையும் இதில் கூடுதல்.

என் தேர்வு: கலப்புத் தொட்டிக்கு இரண்டு வேவ்மேக்கர். நீளமான தொட்டியில், வலுவான ஓட்டம் கேட்கும் கிளைப் பவளமான அக்ரோபோராதான் பிரதானம் என்றால் ஜைர். எதுவானாலும் மணல் 1 முதல் 2 மி.மீ. பருமனில் இருக்கட்டும். அதைவிட நைசான மணல் பார்க்க அழகு, ஆனால் வலுவான ஓட்டத்தில் நிற்காது. புது மணல் முதல் சில வாரங்கள் எளிதில் நகரும். நுண்ணுயிர்ப் படலம் பிடித்ததும் ஓரளவு அடங்கும்.

அப்புறம், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஒருநாள் விட்டுப் பாருங்கள். மணலிலேயே உட்கார்ந்திருக்கும் ட்ராக்கிஃபிலியா என்ற பவளத்தின் மேல் மணல் துகள் விழுந்திருந்தால், பம்பை இன்னும் சற்று மேல்நோக்கித் திருப்புங்கள். மணலைச் சலித்துத் தின்னும் கோபி மீன் உங்கள் தொட்டியில் இருந்தால், பம்பைத் தொடும் முன் அதன் நடமாட்டத்தைக் கவனியுங்கள்.