ஷார்ட் ஷிஃப்டர் என்று சொல்லி என் காரின் பழைய பாகத்தையே எனக்கு விற்றுவிட்டார்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள், இதை முழுவதும் படியுங்கள். எனக்கு 38,500 ரூபாய் போய்விட்டது. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கியர் லீவர் என் கையில் உயிரில்லாமல் துவண்டுபோன அந்த நொடியைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கும்வரை வேண்டாம் என்று தெரிந்த வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். காருக்கு வேகம் கூட்டித் தருகிறோம், பந்தய உதிரிபாகங்களை வரவழைத்து மாட்டித் தருகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் பட்டறை அது. இப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 2020 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ, 1.0 டிஎஸ்ஐ. 110 குதிரைத்திறன், ஆறு கியர். இரண்டாவது கையாக வாங்கியது. 2022இல் இந்தியாவில் போலோ தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்பதால் இந்த வண்டியை நான் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறேன். சத்துவாச்சாரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போய்விடலாம். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பொதுமக்கள் சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாட்களில் மூன்று முறை போயிருக்கிறேன்.

கியர் லீவரை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. ஊருக்குள் ஓட்டும்போது அதில் எந்தக் குறையும் தெரியாது. டிராக்கில் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டே நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கும்போது லீவர் போய்ச் சேர வேண்டிய தூரம் நீளமாகத் தெரியும். உடல் முன்னால் தள்ளப்படுகிறது, ஒரு கை ஸ்டியரிங்கில் இல்லை, வளைவோ நெருங்குகிறது. அந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் ஷார்ட் ஷிஃப்டர்.

இதன் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், மோசடி எங்கே நடந்தது என்று அப்போதுதான் புரியும். இந்த வகைக் கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்காக உட்கார்ந்திருக்கும். நாம் பிடிக்கும் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, நடுவே இரண்டு கேபிள்கள். முன்னும் பின்னும் தள்ளும் அசைவை ஒரு கேபிள் கொண்டுபோகும். இடம் வலம் நகர்த்தி எந்த வரிசைக் கியர் என்று தேர்ந்தெடுப்பது மற்றொன்று. கேபிள்களின் முனைகள் கியர்பாக்ஸின் மேலே உள்ள, கை போல நீட்டிக்கொண்டிருக்கும் சிறு உலோகப் பாகங்களில் மாட்டியிருக்கும். தள்ளும் கேபிள் மாட்டும் புள்ளியை அச்சுக்குக் கிட்டே கொண்டுவந்தால் லீவரின் ஓட்டம் குறையும். நெம்புகோல் கணக்குதான். ஓட்டம் முப்பது சதவீதம் குறைந்தால் கைக்குத் தேவையான விசை நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடும். அதனால் கியர்பாக்ஸின் மேல் உள்ள அந்த உலோகக் கையும், கேபிள் முனையில் இருக்கும் புஷ் என்ற சிறு வளையமும் உறுதியாக இருக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டுப் பித்தளை புஷ் போடுவது இதற்காகத்தான். ஒரு மாதம் உட்கார்ந்து இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போனேன்.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். முதல் நாளே நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். பேட்டரியைக் கழற்றி, கியர்பாக்ஸின் மேல் இருக்கும் கையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், பொருத்தம் பார்க்க வேண்டுமாம். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, பொருள் வந்துவிட்டது என்றார். முத்திரை போட்ட பெட்டியை என் கண்ணெதிரே கத்தியால் கீறித் திறந்தார். கறுப்புப் பூச்சுடன் கனமான ஒரு கை, தனிப் பையில் பளபளக்கும் நான்கு பித்தளை புஷ்கள். அந்தக் கையை என் உள்ளங்கையில் வைத்து, "கனத்தைப் பாருங்கள் தம்பி. இது உங்கள் மகன் காலம்வரை இருக்கும்" என்றார். அங்கேதான் விழுந்தேன். பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டோம், இனி என்ன சந்தேகம் என்று நினைத்தேன்.

ஷிஃப்டர் 24,000. புஷ் 4,500. எஞ்சின் ஆடாமல் இருக்கக் கீழ்த் தாங்கியில் வைக்கும் கெட்டி ரப்பர் 6,000. மாட்டுக்கூலி 4,000. மொத்தம் 38,500. பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி தனியாக வரும் என்றார். சரி, வேண்டாம் என்றேன். பணத்தைக் கடையின் கணக்குக்கு அனுப்பப் போனபோது அந்தக் க்யூஆர் வேலை செய்யவில்லை என்று சொல்லி மைத்துனருடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்தார். அதற்கே அனுப்பினேன். சீட்டு எடுத்த பணம் அது. வீட்டில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன், அதனால் இப்போது அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

வண்டியை உள்ளே விட்டதும் என்னை முன் அறையில் உட்காரச் சொன்னார்கள். லிஃப்ட் பக்கம் வாடிக்கையாளர் நிற்கக் கூடாதாம். மூன்றரை மணி நேரம் காற்றாடிக்குக் கீழே காத்திருந்தேன். உள்ளே கிரைண்டர் சத்தம் கேட்டது. வேறு வண்டிக்கு வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டபோது, "அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டோம்" என்றார்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். லீவர் குறுகிய தூரத்தில் டக்கென்று விழுந்தது. ஞாயிறு காலை இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் வழியில், வாலாஜாப்பேட்டை சுங்கச்சாவடி தாண்டி வேகம் எடுக்கும்போது நாலிலிருந்து ஐந்துக்குப் போட்டேன். மூன்றில் விழுந்தது. எஞ்சின் அலறியது. ஓரம் கட்டி அவரைக் கூப்பிட்டேன். "புதுசு தம்பி, இருநூறு கிலோமீட்டர் ஓடினால் பழகிவிடும்" என்றார். நம்பித் தொடர்ந்து ஓட்டினேன்.

மூன்றாவது சுற்று. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்து, நாலிலிருந்து மூன்றுக்குத் தள்ளினேன். எதிர்ப்பே இல்லை. லீவர் சாம்பார்க் கிண்ணத்தில் போட்ட கரண்டியைப் போல நாலு பக்கமும் சுற்றியது. கியர்பாக்ஸ் நாலாவதிலேயே நின்றுவிட்டது. கிளட்சை மிதித்தபடி, பிரேக்கை விடாமல், தடத்துக்கு வெளியே புல்லில் கொண்டுபோய் நிறுத்தினேன். என் பின்னால் வந்தவர் விலகிப் போனதால் தப்பித்தோம். மூன்றுக்குப் பதிலாக முதல் கியரில் அது விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் புரட்டுகிறது. அதிக சுழற்சியைத் தடுக்கும் கருவி எரிபொருளைத்தான் நிறுத்தும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போயிருக்கும்.

பக்கத்து அணியின் மெக்கானிக் ஒருவர் உதவிக்கு வந்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸின் மேல் உடைந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். பித்தளை புஷ். நகத்தால் சுரண்டினேன். மஞ்சள் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். கியரைக் கையாலேயே நியூட்ரலுக்குத் தள்ளி, டோயிங் வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். அந்தச் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ராணிப்பேட்டையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா மறுநாள் வந்தார். அந்தக் கறுப்புக் கையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் வெட்டி, நீளத்தைக் குறைத்து, திரும்ப வெல்டு வைத்து ஒட்டிக் கறுப்பு ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். "மேலாக அப்பியிருக்கிறான். உள்ளே இறங்கவே இல்லை. இதோ பார், கீறல் விட்டிருக்கிறது" என்று கைவிரலால் காட்டினார். மயிரிழை போல ஒரு கோடு. பிறகு ஓரத்தில் பொரிந்திருந்த கறுப்பைப் பிளேடால் மெதுவாக எடுத்தார். அடியில் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பொருத்தம் பார்க்க நான் அனுப்பிய படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே கோடு, அதே இடம், அதே சாய்வு. குவியலில் போட்டுவிட்டோம் என்றார்களே, அந்தப் பழைய பாகம்தான் அது. பெட்டியைத் திறந்து என் கையில் கொடுத்தது வேறு, வண்டியில் மாட்டியது வேறு. என் பொருளையே அறுத்து எனக்கு 24,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அந்த ஒரு பெட்டியை இன்னும் எத்தனை பேர் கையில் கொடுத்துக் கனம் பார்க்கச் சொல்லியிருப்பார்களோ. கீழ்த் தாங்கியில் 6,000 ரூபாய் ரப்பரும் இல்லை, பழையது அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை பதினோரு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. படங்களை அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. புதன்கிழமை நேரில் போனபோது, "அண்ணன் ஆம்பூர் போயிருக்கிறார்" என்று வேலைக்காரப் பையன் சொன்னான். அண்ணனின் செருப்பு வாசலில் கிடந்தது. வெள்ளிக்கிழமைதான் ஆள் கிடைத்தார். டிராக்கில் ஓட்டினால் உத்தரவாதம் கிடையாது என்றார். டிராக்குக்கு என்று சொல்லித்தானே 38,500 வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "நீங்கள் முரட்டுத்தனமாகப் போட்டிருப்பீர்கள்" என்றார். மஞ்சள் கோட்டைக் காட்டினேன். பொருள் சென்னை சப்ளையருடையது, அவரைக் கேளுங்கள் என்று ஓர் எண்ணைக் கொடுத்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. திரும்பப் போனேன். முதல் நாள் நாற்காலி போட்டவர் இந்த முறை நிற்கவைத்தே பேசினார். "ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் பணம் வெளியே கொடுப்பதில்லை, ஆவணியில் பார்க்கலாம்" என்றார். என்னிடம் வாங்கும்போது நாள் நட்சத்திரம் பார்க்காத மனிதர். இன்று பன்னிரண்டாவது நாள். 38,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை, நாளைக்குத் தாள்களை வேறு அடுக்க வேண்டும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கடையின் பெயரில் இல்லாத எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். பாகத்தில் உங்கள் கையாலேயே ஓர் அடையாளம் போட்டு, மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். கியர் ஒரு முறை தவறி விழுந்தாலும் டிராக்குக்குள் போகாதீர்கள், யார் என்ன சொன்னாலும் சரி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பில் இல்லாதது என் தரப்பில் பெரிய ஓட்டை. பணம் அனுப்பிய பதிவும், அவர் படம் கேட்டு அனுப்பிய செய்தியும், நான் அனுப்பிய படமும் இருக்கின்றன. உடைந்த புஷ்ஷையும் அந்தக் கையையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இதே வட்டாரத்தில் யாருக்காவது இப்படிக் கறுப்புப் பூச்சடித்த ஷிஃப்டர் மாட்டியிருந்தால், இன்றே பேட்டரியைக் கழற்றி, ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். ஒட்டவைத்த தடம் தெரிந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.