ஐஎஸ் கைதிகளும் குடும்பங்களும்: அங்கேயே விடுவதா, ஈராக்கில் விசாரிப்பதா, திருப்பி அழைப்பதா?

2019 மார்ச்சில் சிரியாவின் பாகூஸ் கிராமம் வீழ்ந்ததோடு ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுத அமைப்பின் கையிலிருந்த கடைசித் துண்டு நிலமும் போனது. அங்கிருந்து வெளியே வந்த ஆண்களைக் குர்துகள் தலைமையிலான சிரிய ஜனநாயகப் படை சிறைகளில் அடைத்தது. பெண்களும் குழந்தைகளும் வடகிழக்கு சிரியாவிலுள்ள அல் ஹோல், ரோஜ் முகாம்களுக்குப் போனார்கள். அந்த ஆண்டு அல் ஹோலில் மட்டும் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலோர் ஈராக்கியர்களும் சிரியர்களும்தான். ஆனால் பிரான்ஸ், பிரிட்டன், ரஷ்யா, துனீசியா, கஜகஸ்தான் என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

இந்த வெளிநாட்டினர் விஷயத்தில் அவர்களின் சொந்த நாடுகள் மூன்று வழிகளைப் பிடித்தன. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திருப்பி அழைத்து, சொந்த நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்துவதே சரி என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். இரக்கத்தைவிட, இவர்களை யார் காவலில் வைத்திருப்பது என்ற ஒரே விஷயம்தான் என்னை அந்தப் பக்கம் தள்ளியது.

முதல் வழி, அங்கேயே விட்டுவிடுவது. பிரிட்டன் இதற்காகக் குடியுரிமையைப் பறித்தது. 15 வயதில் லண்டனிலிருந்து கிளம்பிப் போன ஷமீமா பேகத்தின் குடியுரிமை 2019 பிப்ரவரியில் பறிபோனது. பெற்றோர் வழியில் அவருக்கு வங்கதேசக் குடியுரிமை உண்டு என்பது பிரிட்டனின் வாதம். அவர் எங்கள் குடிமகளே இல்லை என்றது வங்கதேசம். 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பிரிட்டன் அரசின் பக்கமே நின்றது. அரசியல்வாதிகளுக்கு இது சுலபமான வழி. ஓட்டு போகாது, வழக்கு நடத்தவும் வேண்டாம். ஆனால் ஆளின் கடவுச்சீட்டைச் செல்லாததாக்கினால் ஆள் மறைந்துவிடுவதில்லை. பொறுப்பு அடுத்தவர் தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஈராக்கில் விசாரிப்பது. குற்றம் நடந்த மண், சாட்சிகளும் அங்கேதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. ஈராக்கின் 2005ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில், இப்படிப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருந்தாலே மரண தண்டனை வரை போகலாம். சில நிமிடங்களில் முடிந்த விசாரணைகள் உண்டு. 2019இல் சிரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 11 பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாக்தாதில் ஒருவர்பின் ஒருவராகச் சில நாட்களுக்குள் மரண தண்டனை விதித்தார்கள். இந்த வழக்குகளில் 'அமைப்பில் இருந்தாயா' என்பதுதான் கேள்வி. யாரைக் கொன்றாய், ஐஎஸ் அடிமைகளாக விற்ற யாசிதி என்ற சிறுபான்மை மதத்துப் பெண்களில் யாரை விலைக்கு வாங்கினாய் என்ற கேள்வி பெரும்பாலும் எழவே இல்லை. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றப் படியேறாமலே வழக்கு முடிந்துவிடுகிறது.

இப்போது காவலுக்கு வருவோம். இவர்களைக் காத்துவந்தது ஒரு நாடு அல்ல, ஓர் ஆயுதப் படை. சம்பளமும் செலவும் பெருமளவு அமெரிக்கா தலைமையிலான கூட்டணி கொடுத்த பணம். 2019 அக்டோபரில் துருக்கிப் படை எல்லை தாண்டிச் சிரியாவுக்குள் வந்தபோது குர்துப் படையினர் போர்முனைக்கு ஓடவேண்டியிருந்தது. ஐன் இசா முகாமிலிருந்து ஐஎஸ் தொடர்புள்ள நூற்றுக்கணக்கானோர் தப்பினார்கள். 2022 ஜனவரியில் வடகிழக்கு சிரியாவின் ஹசகா நகரில் முன்பு பள்ளியாக இருந்த கட்டடத்தில் இயங்கிய சிறையை ஐஎஸ் தாக்கியது. அதை மீட்கப் பல நாள் சண்டை, நூற்றுக்கணக்கில் சாவு. உள்ளே கைதிகளாக நூற்றுக்கணக்கான சிறுவர்களும் இருந்தார்கள். 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி கவிழ்ந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது முகாம் வேலைகளே தடுமாறின. அதே ஆண்டு மார்ச்சில், குர்துகள் தலைமையிலான படையைச் சிரிய அரசோடு இணைக்க ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: நாளைக்குச் சாவி யார் கையில் இருக்கும்? 'அங்கேயே விடுவது பாதுகாப்பு' என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பாரிஸிலோ பெர்லினிலோ உள்ள ஒரு சிறைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. தண்டனை முடிந்து வெளியே வருபவர் யார், எங்கே இருக்கிறார் என்பது காவல்துறைக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. முகாமில் ஆண் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானால் தாயிடமிருந்து பிரித்து வேறு தடுப்பு மையத்துக்கோ, சிறைக்கோ கொண்டுபோன சம்பவங்களை ஐநா நிபுணர்களும் மனித உரிமை அமைப்புகளும் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கேயே பிறந்த பிள்ளை செய்த குற்றம் என்ன? வளர்வதே குற்றமாகிவிடுகிறது. காலம் தாழ்த்துவது ஒன்றும் செய்யாமல் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் ஆண்டும் அது புதிய கைதிகளை உண்டாக்குகிறது.

மூன்றாவது வழி, திருப்பி அழைப்பது. அது நடக்காத காரியமும் அல்ல. கொசோவோ 2019 ஏப்ரலில் ஒரே விமானத்தில் 110 பேரைக் கொண்டுவந்தது. 74 பேர் குழந்தைகள். கஜகஸ்தான் 'ஜூசான்' நடவடிக்கையில் சுமார் 600 பேரை அழைத்து வந்தது, அதிலும் பெரும்பாலும் குழந்தைகள்தான். ஆண்கள் மீது வழக்கு, தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் மறுவாழ்வு மையம், அப்புறம் உறவினர் வீடு என்று வரிசையாகச் செய்தார்கள். பணக்கார ஐரோப்பா தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது. 2022 ஜூலையில்தான் பிரான்ஸ் பெரிய அளவில் தாய்மாரையும் சேர்த்து அழைக்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அழைக்கச் சொல்லும் விண்ணப்பங்களைக் காரணம் காட்டாமல் தள்ளக்கூடாது என்றது. திரும்பி வர எல்லோருக்கும் பொது உரிமை உண்டு என்று மட்டும் அது சொல்லவில்லை.

சொந்த நாட்டில் வழக்கு நிற்குமா? எல்லாம் நிற்காது. போர்க்களச் சாட்சியம் கிடைப்பது கடினம், பல தண்டனைகள் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். மனம் மாறிவிட்டது என்பதையும் யாராலும் அளந்து சொல்ல முடியாது. 2020 நவம்பரில் வியன்னாவில் நான்கு பேரைக் கொன்றவன், சிரியாவுக்குப் போக முயன்று சிறை சென்று முன்கூட்டியே விடுதலையானவன்தான். இந்த அபாயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கண்காணிப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் அழைத்து வந்தால் என் வாதம் பாதி விழுந்துவிடும்.

ஆனால் ஜெர்மனியைப் பாருங்கள். ஈராக்கின் ஃபலூஜாவில் ஐந்து வயது யாசிதிச் சிறுமியை வெயிலில் கட்டிவைத்துச் சாகவிட்ட ஈராக்கியனுக்கு 2021இல் ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஐஎஸ் உறுப்பினர் ஒருவர் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது அதுவே முதல் முறை. அவனுடைய ஜெர்மானிய மனைவிக்கும் மியூனிக்கில் சிறை. சிறுமியின் தாய் நேரில் வந்து சாட்சி சொன்னார். 2025 பிப்ரவரியில் ஸ்வீடனும் திரும்பி வந்த ஒரு பெண்ணுக்கு இனப்படுகொலைக் குற்றத்துக்காக 12 ஆண்டு சிறை கொடுத்தது. பாக்தாதின் அவசர விசாரணை அந்தத் தாய்க்கு இதைக் கொடுத்திருக்காது. அல் ஹோல் முள்வேலியும் கொடுத்திருக்காது.

ஆண்கள் விஷயத்தில்தான் நாடுகள் அதிகம் தயங்குகின்றன, அங்கேதான் அவசரமும் அதிகம். ஈராக்கில் ஐஎஸ் குற்றங்களுக்கு ஆதாரம் திரட்டிய ஐநா புலனாய்வுக் குழுவின் பணி 2024 செப்டம்பரில் முடித்துவைக்கப்பட்டது. உயிர் தப்பிய யாசிதிப் பெண்கள் பல நாடுகளில் சிதறியிருக்கிறார்கள். முகத்தை அடையாளம் காட்டக்கூடியவர்கள் இருக்கும்போதே வழக்குத் தொடுக்க வேண்டும்.