பேனா டேப்லெட்டில் ஐந்து ஆண்டுக் கணிதப் பாடம்: எல்லாம் சரி, அந்தத் துளையைத் தவிர

நேற்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து என் பேனா டேப்லெட்டை, அதாவது கேபிளால் கணினியோடு இணைத்துப் பேனாவால் எழுதும் பலகையை, திரும்ப வாங்கிவந்தேன். இது இரண்டாவது பழுது. அதே இடம், அதே காரணம்: கேபிள் செருகும் மைக்ரோ யு.எஸ்.பி. துளை. வீட்டுக்கு வந்து பார்த்தால், என்னிடம் படித்து இப்போது வேறொரு கல்லூரியில் கணிதம் நடத்தும் மாணவியிடமிருந்து ஒரு கேள்வி: "சார், நீங்கள் வைத்திருக்கும் டேப்லெட் விலை குறைந்திருக்கிறது. வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

2020 ஆகஸ்டில் வாங்கியது. அதற்கு முன்பு, ஊரடங்கின் முதல் மாதங்களில், புத்தகங்களை அடுக்கி அவற்றின் மேல் கைப்பேசியைக் குப்புற வைத்து, தாளில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். என் கையின் நிழலே பாதிச் சமன்பாட்டை மறைத்துவிடும். டேப்லெட் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. திரை இல்லாத வகை என்பதால் கை மேசையிலும் கண் கணினியிலும் இருக்க வேண்டும்; இரண்டு வாரம் எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது, பிறகு பழகிவிட்டது. பேனாவுக்கு மின்கலம் கிடையாது. பலகைக்குள் இருக்கும் கம்பி வலையின் மின்காந்தப் புலமே அதற்கு உயிர் கொடுக்கிறது. ஐந்து ஆண்டுகளில் அந்தப் பேனா ஒருநாளும் என்னைக் கைவிடவில்லை. நிப் மட்டும் பருவத்துக்கு ஒன்று தேயும். பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் 8192 அழுத்த நிலைகள் (பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பிரித்தறியும் படிகள்) ஓவியர்களுக்கு உதவலாம். தொகையீட்டுக் குறி போடுவதற்கு அவை தேவையே இல்லை.

வீட்டிலிருந்து பாடம் நடத்திய காலத்தில் கேபிளைச் செருகினால் செருகியபடியே கிடக்கும், அதனால் குறை தெரியவில்லை. கல்லூரி திறந்து, வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் துளை ஆடத் தொடங்கியது. மைக்ரோ யு.எஸ்.பி. துளை 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்பது தர அளவு. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாளுக்கு 4 முறை, ஆண்டுக்கு 180 நாள், 4 ஆண்டு. மொத்தம் 2,880. மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை! பழுது பார்த்தவர் உட்புறத்தைத் திறந்து காட்டினார். செருகுவதால் வந்த தேய்மானம் அல்ல. பலகையின் இடது ஓரத்தில் கேபிள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. குறுகலான மேசையில் அது பக்கவாட்டில் வளைந்து இழுக்க, துளையைப் பிடித்திருக்கும் சிறு பற்றவைப்புகள் விரிசல் விடுகின்றன. வடிவமைத்தவர் ஒரு வகுப்பறை மேசையைக்கூடப் பார்த்ததில்லை போலும். துளையை அரை அங்குலம் உள்ளே தள்ளி வைத்திருந்தால் போதும். எல் வடிவக் கேபிள் வாங்கிப் பார்த்தேன். சில மாதங்கள் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான்.

இணைப்பு அறுந்தால் கோடு நிற்பதோடு தொல்லை முடிவதில்லை. மீண்டும் இணையும்போது என் டேப்லெட் பழைய அமைப்பை மறந்துவிடுகிறது. புரொஜெக்டரை இரண்டாவது திரையாக வைத்திருப்பேன். பலகையின் பரப்பு இரண்டு திரைகளுக்கும் சேர்த்துப் பரவிவிடும். வட்டம் வரைந்தால் முட்டை விழும். அறுபது பேர் காத்திருக்க, அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒரு திரையைத் தேர்ந்து, விகிதத்தைச் சரிசெய்ய வேண்டும். நிரூபணத்தின் நடுவில் அந்த ஒரு நிமிடம் போனால், மாணவர்கள் பிடித்திருந்த இழையும் போய்விடும். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனை கோபத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒன்று இருக்கிறது. டேப்லெட்டில் எழுத நான் பயன்படுத்துவது சூர்னல்++ என்னும் இலவச மென்பொருள். எழுதும்போதே குரலையும் பதிவு செய்ய அதில் ஒரு வசதி உண்டு. பிறகு எழுதிய ஒரு வரியைச் சுட்டினால், அதை எழுதியபோது பேசியது கேட்கும். இரண்டாம் ஆண்டில்தான் அது என் கண்ணில் பட்டது.

அகத் தேர்வு முடிந்து ஒரு மாணவன் வந்தான். எக்ஸ் 2-ஐ நெருங்கினால் எக்ஸின் வர்க்கம் 4-ஐ நெருங்கும் என்பதற்கான எப்சிலான், டெல்டா நிரூபணம் பற்றிய சந்தேகம். வர்க்கம் 4-க்கு எவ்வளவு அருகில் வர வேண்டும் என்பது எப்சிலான்; அதற்கு எக்ஸ் 2-க்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுப்பது டெல்டா. "இந்த 5 எங்கிருந்து வந்தது சார்?" என்று கேட்டான். வகுப்பில் தெளிவாகச் சொன்னேன் என்றேன். சொன்னதைக் காட்டுவதற்காக அந்த வரியைச் சுட்டினேன். "ஆகவே இது 5-க்குக் குறைவு" என்கிறது என் குரல்; உடனே அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. டெல்டாவை 1-ஐத் தாண்டாதபடி எடுத்துக்கொள்கிறோம், அதனால் எக்ஸ் 1-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும், எனவே எக்ஸுடன் 2 கூட்டினால் 5-க்குக் குறைவு என்பதை நான் சொல்லவே இல்லை. கரும்பலகையாக இருந்திருந்தால் அது அழிந்து போயிருக்கும். அவன் கவனிக்கவில்லை என்றே கடைசிவரை நினைத்திருப்பேன். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து வாரம் ஒரு வகுப்பையாவது தனியாக உட்கார்ந்து கேட்கிறேன். நான் "ஆகவே" சொல்லும் இடங்களில் பாதி, அவசரப்பட்ட இடங்கள்.

நியாயமாகச் சொன்னால் இந்தப் பெருமை மென்பொருளுக்குத்தான் சேர வேண்டும். மாணவர்களில் பெரும்பாலோரிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது. அவர்களுக்கு நான் அனுப்பும் பி.டி.எஃப்.-இல் குரல் போவதில்லை. கேட்க விரும்புகிறவர்கள் கல்லூரிக் கணினிக் கூடத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

மாணவிக்கு இப்படி எழுதினேன்: வாங்க வேண்டாம், விலை பாதியாகக் குறைந்தாலும் வேண்டாம். பழுதுபார்த்த ரசீது இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது, அந்தக் கோபமும் இதில் உண்டு. டைப்-சி துளையோ கம்பியில்லா இணைப்போ உள்ள வேறொன்றைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொள். அதுவரை காத்திருக்காமல் சூர்னல்++ மென்பொருளை இன்றே நிறுவு. முதலில் பதிவு செய்ய எப்சிலான், டெல்டா பாடத்தையே எடுத்துக்கொள். அதை நீ என்னிடம்தான் படித்தாய். நான் விட்ட இடத்தை நீயும் விட்டிருக்கக்கூடும்.