எலக்ட்ரான் நுண்ணோக்கியின் டங்ஸ்டன் முனை: (310) முகமா, (100) முகமா?

பல எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் தமக்கு வேண்டிய எலக்ட்ரான் கற்றையை ஒரு கூரிய டங்ஸ்டன் ஊசிமுனையிலிருந்து பெறுகின்றன. உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலே வெளியேற்று ஆற்றல். டங்ஸ்டனுக்கு அது ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) என்று கையேடுகள் ஒற்றை எண்ணாகத் தருகின்றன. அந்த எண், வெவ்வேறு திசை நோக்கிய எண்ணற்ற படிகத் துகள்கள் கலந்த ஒரு பரப்பின் சராசரியே அன்றி, எந்த ஒரு படிக முகத்துக்கும் உரியதன்று. படிகத்தை எந்தத் திசையில் வெட்டினால் எந்த முகம் வெளிப்படும் என்பதை (110), (310) போன்ற எண் தொகுப்புகளால் குறிப்பது வழக்கம். ஒற்றைப் படிகத்தை வெட்டித் தூய்மைப்படுத்தி அளந்தால் (110) முகம் 5.25, (100) முகம் 4.63, (111) முகம் 4.47, (310) முகம் சுமார் 4.35 எலக்ட்ரான் வோல்ட் எனக் காட்டும். அளக்கும் முறைக்கேற்ப இந்த எண்கள் சற்றே மாறினாலும் (110) உச்சத்தில் நிற்பதில் மாற்றமில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஊசிமுனை தேர்ந்தெடுப்பவருக்கு உலோகத்தின் பெயரைவிட அதன் முகமே முக்கியமாவது இதனால்தான்.

ஒரே உலோகத்தின் முகங்களுக்கிடையே இந்த வேறுபாடு எழும் காரணத்தை 1941-இல் இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி தெளிவாக்கினார். உலோகத்தின் எலக்ட்ரான் மேகம் கடைசி அணு வரிசையோடு நின்றுவிடாமல் வெளியே சிறிது கசிகிறது. வெளியே எதிர்மின்னும் உள்ளே நேர்மின்னும் கொண்ட இருமுனை அடுக்கு இதனால் உருவாகி, தப்பிச் செல்ல முயலும் எலக்ட்ரானைத் தடுக்கிறது. சதுர நானோமீட்டருக்குச் சுமார் 14 அணுக்கள் நெருங்கி நிற்கும் (110) முகத்தில் இந்தத் தடை முழு வலிமையுடன் நிற்கும். அணுக்கள் விலகி மேடும் பள்ளமுமாக இருக்கும் முகங்களிலோ, மேட்டிலுள்ள எலக்ட்ரான்கள் பள்ளங்களுக்குள் வழிந்து பரப்பைச் சமப்படுத்துகின்றன. அப்போது மேடுகளில் நேர்மின் மிச்சப்பட்டு, முதல் இருமுனைக்கு எதிரான இன்னோர் இருமுனை உருவாகித் தடையைக் குறைக்கிறது. செம்பிலும் வெள்ளியிலும்கூட நெருக்கமான (111) முகம் அதிக மதிப்பையும் தளர்வான (110) முகம் குறைந்த மதிப்பையும் பெறுகின்றன. அலுமினியம் இந்த வரிசைக்குக் கட்டுப்படாத விலக்கு என்பதை மறக்கக் கூடாது.

சாதாரண டங்ஸ்டன் கம்பியையே கூர்மையாக்கிப் பயன்படுத்தலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. கம்பியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிறுத்தி மின்னழுத்தம் கொடுத்தால், திரவ மட்டத்தை ஒட்டிய இடத்தில் கழுத்துப்போல மெலிந்துகொண்டே வந்து, கீழ்ப்பகுதி தன் எடையாலேயே அறுந்து விழும். அக்கணமே மின்சாரத்தை நிறுத்தினால், நூறு நானோமீட்டர் அளவு ஆரமுள்ள முனை மேலே எஞ்சும். ஆனால் இழுத்துச் செய்த டங்ஸ்டன் கம்பியில் படிகத் துகள்கள் பெரும்பாலும் (110) முகத்துக்குச் செங்குத்தான தம் [110] திசையைக் கம்பியின் நீளவாக்கில் வைத்தே அமைகின்றன. ஆகவே முனையின் நேர்நடுவில் வந்து அமர்வது, எலக்ட்ரானை எல்லாவற்றையும்விடக் கடினமாக விடும் (110) முகம். வலுவான மின்புலம் முனையிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்தெடுப்பதே புல உமிழ்வு. எர்வின் முல்லர் 1936-இல் உருவாக்கிய புல உமிழ்வு நுண்ணோக்கியில் இத்தகைய முனையைப் பார்த்தால், ஒளிர்திரையின் நடுவே கரும்பொட்டும் அதைச் சுற்றி ஒளித்திட்டுகளும் தெரியும். கற்றை தேவைப்படும் அச்சிலேயே இருள். எனவே தேவையான திசையில் வளர்த்த ஒற்றைப் படிகக் கம்பியை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அவ்வாறு வாங்கும்போது முதல் வேட்பாளர் (310). படிக்கட்டுப் போன்ற தளர்வான அமைப்புடைய இம்முகம் தூய நிலையிலேயே எளிதாக உமிழும். நானோமீட்டருக்கு 4 வோல்ட் என்ற மின்புலத்தில் (110)-ஐவிட இது நூறு மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தைத் தரும், ஏனெனில் புல உமிழ்வுச் சமன்பாட்டில் வெளியேற்று ஆற்றல் அடுக்குக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறது. முனையைச் சூடாக்க வேண்டாம் என்பதால் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவல், அதாவது அவற்றின் ஆற்றல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும் அளவு, ஏறத்தாழ 0.3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்கும். நிறமாலை ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த பண்பு அரிது. குறை, இந்தக் குளிர்ந்த பரப்பு எஞ்சிய வாயு மூலக்கூறுகளை ஏந்திக்கொள்வதுதான். அவை படியப்படிய வெளியேற்று ஆற்றல் மாறி மின்னோட்டம் தேய்கிறது. அவ்வப்போது முனையை நொடிப்பொழுது சூடேற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும், அதற்கும் மேலாக மிகச் சிறந்த மீவெற்றிடத்தை விடாமல் காக்க வேண்டும்.

(100) முகத்தின் வெறும் மதிப்பான 4.63-ஐ மட்டும் பார்த்து அதை ஒதுக்கிவிடுவது தவறு. சிர்கோனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த மெல்லிய படலம் இம்முகத்தின்மீது படிந்தால் வெளியேற்று ஆற்றல் சுமார் 2.8-க்கு இறங்குகிறது. வியப்பு என்னவென்றால், அந்தப் படலம் மற்ற முகங்களைவிட (100)-ஐயே பெரிதும் தாழ்த்துகிறது. அதனால் உமிழ்வு தானாகவே அச்சை ஒட்டி ஒடுங்குகிறது. கம்பியின் தண்டில் வைத்த சிர்கோனியச் சேமிப்பிலிருந்து அணுக்கள் பரவிவந்து, சுமார் 1800 கெல்வின் வெப்பத்தில் படலத்தை இடைவிடாது புதுப்பிக்கின்றன. அதே சூடு வாயுக்களையும் தங்கவிடுவதில்லை. மின்னோட்டம் மணிக்கணக்கில் நிலைத்து நிற்கும், வெற்றிடத்திலும் சற்றுச் சலுகை உண்டு. பதிலுக்குக் கொடுக்க வேண்டிய விலை ஆற்றல் பரவல்: அது 0.7 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி உயர்ந்துவிடும்.

மூன்றாமதான (111) முகத்தை, அணு அளவில் கூரிய முனை வேண்டுவோர் விரும்பலாம். அன்றாட நுண்ணோக்கிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எலக்ட்ரான் ஆற்றல் இழப்பை நுட்பமாகப் பிரித்தறிய வேண்டிய ஆய்வகம் (310)-ஐயே கொள்ளட்டும், சுத்திகரிப்பின் தொல்லையை அது பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாள் முழுவதும் பலர் மாறிமாறி அமரும் பொது ஆய்வகத்துக்கு (100)-தான் தகுந்தது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதன் சேமிப்பு வற்றாத ஊற்று அன்று. சிர்கோனியம் தீர்ந்ததும் முகம் தன் இயல்பான 4.63-க்குத் திரும்பும். 1800 கெல்வினில் அந்த ஏற்றம் வெப்பத்தால் எழும் உமிழ்வை ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிடும். மின்னோட்டம் சரியத் தொடங்கும்போதே மாற்று முனை கையிருப்பில் இருக்க வேண்டும்.