மூன்றாம் பந்தியில் நான்கு ஆண்டுகள்: சி.பி.ஆர்.எஸ். அனுபவம்

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு ஒன்றில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வைஃபையோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 2021இல், பலரும் பகிர்ந்துகொள்ளும் சி.பி.ஆர்.எஸ். என்ற அலைக்கற்றையில் சொந்தமாக எல்.டி.இ. (4ஜி மொபைல்) நெட்வொர்க் அமைத்தோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இரும்பு அடுக்குகளுக்கு நடுவே இறங்கி நின்று, ஸ்கேனரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடும் காட்சி அத்தோடு ஒழிந்தது. இருபத்திரண்டு வைஃபை பெட்டிகள் செய்த வேலையை ஐந்து ரேடியோக்கள் செய்கின்றன.

3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இந்த அலைக்கற்றையில், முன்னுரிமை வரிசைப்படி மூன்று பந்திகள். முதல் பந்தி கடற்படை ரேடார் போன்றவற்றுக்கு. இரண்டாம் பந்தி, 2020 ஏலத்தில் மொத்தம் சுமார் 458 கோடி டாலர் கொட்டி முன்னுரிமை வாங்கியவர்களுக்கு. மூன்றாவதில்தான் நாங்கள். உரிமக் கட்டணம் கிடையாது. முந்தைய பந்திக்காரர் வந்து நின்றால் எழுந்துவிட வேண்டும். பந்தி விசாரிப்பது எஸ்.ஏ.எஸ். என்ற கணினி அமைப்பு. அதற்கு மட்டும் சந்தா உண்டு.

உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால் பயந்துகொண்டுதான் தொடங்கினேன். சேனல் சில முறை மாறியிருக்கிறது. பதிவேட்டைப் பார்த்த எனக்குத்தான் தெரியும், ஓட்டுநர்கள் யாரும் உணரவில்லை. 3650க்கு மேல் ஏலக்காரர்கள் கிடையாது என்பதால் முடிந்தவரை அங்கே ஒதுங்குகிறோம். அக்கம்பக்கத்தாருக்கும் இதே யோசனை வரும் என்பது வேறு விஷயம்.

அடி விழுந்தது வேறு இடத்தில். 2022இல் ஒரு காலை, தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் எங்கள் ஃபைபரை வெட்டிவிட்டார்கள். சர்வர் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது, இணையம் போனாலும் கவலையில்லை என்று மேலாளரிடம் பெருமையடித்திருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஐந்து ரேடியோக்களும் வாயை மூடிக்கொண்டன. இணையம் வழியே எஸ்.ஏ.எஸ்.ஸிடம் விடாமல் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் ரேடியோ பேசலாம். விற்றவர் இதை அழுத்திச் சொல்லவில்லை, நானும் விதிகளைப் படிக்கவில்லை. அன்று மதியம் வரை காகிதமும் பேனாவும்தான். மறுவாரமே வேறொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பை மாற்றுவழியாக வாங்கினோம்.

வாங்க நினைப்பவர்கள் ஸ்கேனர்களை முதலில் பாருங்கள். பேண்ட் 48 (மொபைல் கருவிகளில் இந்த அலைக்கற்றைக்கான எண்) இல்லாத கருவிக்கு இந்த நெட்வொர்க் கண்ணிலேயே படாது. எங்களுக்கு ரேடியோக்களைவிடப் புது ஸ்கேனர்களுக்கே அதிகம் செலவானது.

அலுவலக அறைகளுக்கு இன்றும் வைஃபைதான்.